சர்வர் மீது பழிபோட்டது போதும்

கடலூர் மாவட்டத்து இ-சேவை மையங்களிலும் பொது சேவை மையங்களிலும் அடிக்கடி காதில் விழும் பதில் ‘சர்வர் டவுன்’. வருமானச் சான்று கேட்டு வந்தவருக்கும் இதே பதில்தான். கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வந்த மாணவிக்கும், சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சம்பா நெல்லைக் காப்பீடு செய்ய வந்த காட்டுமன்னார்கோவில் விவசாயிக்கும் இதே பதில்தான். யார் மீதும் தவறில்லை, இயந்திரம் படுத்துவிட்டது என்று சொன்னவரும் கேட்டவரும் ஏற்றுக்கொண்டு கலைகிறார்கள். அப்படி ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை என்பதே என் வாதம். ஓர் இணையதளம் முடங்கும்போது பல நேரங்களில் இயந்திரம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். முறிந்திருப்பது, அந்தச் சேவைக்காக எழுதப்பட்ட நிரலுக்கும் அந்த நிரலுக்கு இடம் கொடுத்து ஓட்டும் மென்பொருளுக்கும் இடையிலான உடன்பாடு. அந்த உடன்பாட்டின் விதிகள் கால் நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றைப் படித்து எழுதாததும், எழுதச் சொல்லிக் கேட்காததும் மனிதர்கள் செய்யும் பிழை. மனிதர்கள் செய்யும் பிழையைத் திருத்த முடியும்.

முதலில் அந்த ஏற்பாடு என்னவென்று பார்ப்போம். 1990-களின் தொடக்கத்தில் இணையதளங்கள் பயன்படுத்திய சிஜிஐ முறையில், வந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் ஒரு நிரலைப் புதிதாகத் தொடங்கி, பதில் வாங்கி, மூடிவிடும். நூறு பேர் வந்தால் நூறு முறை தொடங்கி நூறு முறை மூட வேண்டும். இந்தச் சுமையைக் குறைக்க சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1997-இல் ஜாவா மொழிக்கென ‘சர்வ்லெட்’ என்ற விதிமுறையை வெளியிட்டது. அதன்படி, கன்டெய்னர் என்று புரோகிராமர்கள் அழைக்கும் மென்பொருள் எப்போதும் விழித்திருக்கும். இணையத்திலிருந்து வரும் கோரிக்கையை வாங்குவது, வந்தவர் யாரென்று நினைவில் வைப்பது, பதிலைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. வருமானச் சான்றுக்கோ காப்பீட்டுக்கோ உரிய கணக்கை மட்டும் நிரல் பார்த்துக்கொண்டால் போதும். 1999-இல் சன் நிறுவனம் தன் கன்டெய்னரின் மூல நிரலை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. அதுவே டாம்கேட். இன்றும் உலகெங்கும் அரசுகளும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் பயன்படுத்தும் இலவச மென்பொருள் அது.

கன்டெய்னருக்கும் நிரலுக்கும் இடையிலான பேச்சு அளவானது, தெளிவானது. நிரலை முதன்முதலில் எழுப்பும்போது ‘தயாராகு’ என்று கன்டெய்னர் ஒருமுறை சொல்கிறது. ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் ‘இதைக் கவனி’ என்கிறது. மூடுவதற்கு முன் ‘திறந்ததையெல்லாம் மூடு’ என்று ஒருமுறை சொல்கிறது. நிரல் தன் பங்குக்கு ‘என் அமைப்பு விவரங்கள் என்ன’, ‘வந்திருப்பவர் யார்’, ‘இதைப் பதிவேட்டில் எழுதிவை’ என்று கேட்கலாம். இதற்கு மேல் எதையும் ஊகித்துக்கொள்ளக் கூடாது. விபத்துகள் நேர்வது இந்த ஊகங்களில்தான். கன்டெய்னர் வழக்கமாக ஒரு சர்வ்லெட்டின், அதாவது இந்த விதிமுறைப்படி எழுதிய ஒரு நிரலின், ஒரே பிரதியைத்தான் வைத்திருக்கும். ஒரே நேரத்தில் வரும் பலருக்கும் அந்தப் பிரதியே பதில் சொல்லும். இதை மறந்த ஒருவர், விண்ணப்பதாரரின் ஆதார் எண்ணை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் எழுதிவைக்கிறார் என்று கொள்வோம். சிதம்பரத்தில் ஒருவரும் விருத்தாசலத்தில் ஒருவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால், முதலாமவரின் எண் இரண்டாமவரின் விண்ணப்பத்தில் போய் உட்காரும். அலுவலகத்தில் தனியாகச் சோதிக்கும்போது இந்தப் பிழை தலைகாட்டாது. கூட்டம் வந்தால்தான் தெரியும், அதுவும் எப்போதாவதுதான்.

இன்னொரு ஊகம் கோப்புகளைப் பற்றியது. ஸ்கேன் செய்த அடங்கலை எங்கே சேமிப்பது என்று கேட்க ஒரு வழி இருக்கிறது: தன் கோப்புறை வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று நிரல் கன்டெய்னரிடம் கேட்கலாம். எழுதியவரின் கணினியில் ஒழுங்கான பதில் வரும். ஆனால் நிரல் முழுவதும் ஒரே பொட்டலமாக, பிரிக்கப்படாமல் ஏற்றப்பட்டிருந்தால் ‘அப்படி ஓர் இடம் இல்லை’ என்பதற்கு அடையாளமாக வெறுமையே திரும்பும் என்று விதிமுறை தெளிவாகச் சொல்கிறது. பிரித்து ஏற்றப்பட்டிருந்தாலும், அடுத்த முறை நிரலைப் புதுப்பிக்கும்போது அந்தக் கோப்புறை துடைக்கப்பட்டுவிடலாம். அதில் போட்டுவைத்த மக்களின் ஆவணங்களும் அதோடு போகும். மக்கள் தந்த ஆவணத்தை நிரலின் கோப்புறைக்குள் வைக்காமல் நிலையான சேமிப்பகத்தில் வைக்க வேண்டும் என்பது இந்த ஒரு விதியிலிருந்தே விளங்கும்.

‘சர்வர் டவுன்’ என்ற பதிலுக்கு நேரடிக் காரணமாக அமைவது மூன்றாவது ஊகம்: கேட்ட பிற சர்வர் உடனே பதில் தரும் என்பது. அதை எண்களிலேயே பார்த்துவிடலாம். டாம்கேட் தன் இயல்பான அமைப்பில் ஒரே நேரத்தில் 200 கோரிக்கைகளைக் கவனிக்கும். ஒவ்வொன்றுக்கும் ‘திரெட்’ எனப்படும் ஒரு வேலையாளை ஒதுக்கும். ஒரு கோரிக்கை அரை வினாடியில் முடிந்தால் நிமிடத்துக்கு 24,000 பேருக்குப் பதில் சொல்லலாம். இப்போது அந்த நிரல் நில ஆவணத்தையோ வங்கிக் கணக்கையோ சரிபார்க்க வேறொரு சர்வரைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது, அங்கே பதில் வர 30 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே இயந்திரம், அதே 200 வேலையாட்கள். நிமிடத்துக்கு 400 பேருக்கு மேல் கவனிக்க முடியாது. அறுபதில் ஒரு பங்காகிவிட்டது திறன். சரிபார்ப்பே தேவைப்படாத, முகப்புப் பக்கத்தை மட்டும் பார்க்க வந்தவரும் வரிசையில் மாட்டிக்கொள்கிறார். இயந்திரம் சும்மா இருக்க, வேலையாட்கள் எல்லோரும் வேறு யாருக்காகவோ காத்திருக்க, கவுன்ட்டரில் மட்டும் ‘சர்வர் டவுன்’.

இதற்கு மருந்தும் அந்த விதிமுறைக்குள்ளேயே இருக்கிறது. ‘இப்போது என்னால் முடியாது, இத்தனை வினாடி கழித்து வரச் சொல்’ என்று நிரல் கன்டெய்னரிடம் அறிவிக்கலாம். கன்டெய்னர் அதை 503 என்ற குறியீட்டோடு, எப்போது திரும்ப வரலாம் என்ற நேரத்தையும் சேர்த்து வந்தவருக்குச் சொல்லிவிடும். 2009-இல் வந்த சர்வ்லெட் 3.0 பதிப்பு இன்னொரு வசதியைத் தந்தது: ‘பதில் பிறகு தருகிறேன், அதுவரை இந்த வேலையாளை வேறு பணிக்கு எடுத்துக்கொள்’ என்று நிரல் சொல்லலாம். பிற சர்வரின் பதிலுக்கு மூன்று வினாடிக்கு மேல் காத்திருக்க மாட்டேன் என்று ஒரு வரம்பு போட்டாலே, மேலே சொன்ன 400 என்பது 4,000 ஆகும். வந்தவரைப் பற்றிக் கன்டெய்னர் வைத்திருக்கும், செஷன் எனப்படும் நினைவுக்கும் இதே கவனம் வேண்டும். டாம்கேட்டின் இயல்பான அமைப்பில் 30 நிமிடம் அசைவில்லாமல் இருந்தால் அது அழிந்துவிடும். நான்கு பக்கப் படிவத்தில் மூன்று பக்கங்களை நிரப்பிவிட்டு அடங்கலுக்காக கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போனவர் திரும்பி வரும்போது, எல்லாம் முதலிலிருந்து. அரைகுறைப் படிவத்தைத் தரவுத்தளத்தில் சேமித்துவைக்கும் சிறு வேலை அவருடைய ஒரு நாள் கூலியைக் காப்பாற்றும்.

கூட்டத்தை எதிர்பார்க்க முடியாது என்ற சமாதானம் இந்த மாவட்டத்தில் எடுபடாது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் 15 வழக்கமான கெடு; அது நீட்டிக்கப்பட்ட ஆண்டுகளும் உண்டு. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நேரமும் அதுதான். 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயலும் 2015 வெள்ளமும், காப்பீடு செய்யத் தவறியவருக்கு என்ன நேரும் என்பதைக் கடலூருக்குக் கற்றுக்கொடுத்தன. தேர்வு முடிவு வெளியாகும் நாளும், சேர்க்கை முடியும் நாளும் முன்கூட்டியே அறிவிக்கப்படுபவை. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்பதை அறிந்து உள்ளூர் விடுமுறை, போக்குவரத்து மாற்றம், சிறப்புப் பேருந்து என்று நிர்வாகம் முன்னதாகவே தயாராகிறது. தேதி தெரிந்த இணையக் கூட்டத்துக்கும் அதே முன்தயாரிப்பைக் கேட்பது நியாயமான கோரிக்கை.

பணமும் ஆள்பலமும் இருந்தால் இந்தச் சிக்கல் வராது என்று எண்ணுபவர்கள் அமெரிக்காவின் ஹெல்த்கேர்.கவ் என்ற மருத்துவக் காப்பீட்டுத் தளத்தைப் பார்க்கலாம். 2013 அக்டோபர் 1 அன்று அது திறக்கப்பட்டது. முதல் நாளில் முழுமையாகப் பதிவு செய்ய முடிந்தவர்கள் ஆறே பேர். காப்பீட்டுத் திட்டங்களைப் பார்வையிட வந்தவர்களையும் முதலில் கணக்கு தொடங்கச் சொன்னதால், வந்த கூட்டம் முழுவதும் அடையாளச் சரிபார்ப்பு என்ற ஒரே குறுகிய வாசலில் அடைபட்டது. நம் நாட்டில் 2021 ஜூன் 7 அன்று தொடங்கிய புதிய வருமான வரித் தளம் மாதக் கணக்கில் தடுமாறியது. அதைக் கட்டிய நிறுவனத்தின் தலைமை நிர்வாகியை மத்திய நிதியமைச்சகம் அழைத்து விளக்கம் கேட்கும் நிலை வந்தது. இரண்டு திட்டங்களுக்கும் செலவு பெரிது, செய்தவர்கள் பெரிய நிறுவனத்தார். கூட்டம் வரும் முன் உண்மையான சுமையோடு ஒத்திகை பார்ப்பதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

நிரலுக்கும் கன்டெய்னருக்கும் இடையிலான எல்லை பிசகினால் வருவது தாமதம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 2021 டிசம்பரில் உலகையே கலங்கடித்த லாக்4ஜே ஓட்டை இதற்குச் சான்று. தரவுத்தள இணைப்பு போன்றவற்றைப் பெயர் சொல்லி கன்டெய்னரிடம் கேட்டு வாங்க ஜேஎன்டிஐ என்ற வழி ஜாவாவில் இருக்கிறது. பதிவேடு எழுத நிரல்கள் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகம், வெளியாள் அனுப்பிய எழுத்துகளையும் அந்த வழியில் செல்லும் கட்டளையாக ஏற்றுக்கொண்டது. தாக்குபவர் ஒரு வரியை அனுப்பினால் போதும். சர்வர் அவருடைய இயந்திரத்துக்குச் சென்று அவருடைய நிரலை வாங்கி வந்து ஓட்டும். சில மாதங்களிலேயே, 2022 மார்ச்சில், ஜாவா நிரல்களை எழுத உதவும் ஸ்பிரிங் கட்டமைப்பில் மற்றொரு ஓட்டை வெளிப்பட்டது. படிவத்தில் நிரப்பி அனுப்பிய மதிப்புகள் நிரலைத் தாண்டி டாம்கேட்டின் பதிவேட்டு அமைப்பையே மாற்றி, தீய நிரலைக் கோப்பாக எழுதவைத்தன. இரண்டிலும் நடந்தது ஒன்றுதான்: வந்தவருக்கும் நிரலுக்கும் கன்டெய்னருக்கும் நடுவே நிற்க வேண்டிய சுவர் திறந்து கிடந்தது. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் சாதிச் சான்றும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் அரசுத் தளங்களில் அந்தச் சுவரைக் காப்பது மக்களைக் காப்பது.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, கூடுதல் சர்வர் வாங்கினால் தீராதா என்பது. ஓரளவு தீரும், ஆனால் மேலே கண்ட கணக்கு அதன் எல்லையைக் காட்டுகிறது. இயந்திரத்தை இரட்டிப்பாக்கினால் 400 என்பது 800 ஆகும்; காத்திருக்கும் நேரத்தை 30 வினாடியிலிருந்து அரை வினாடிக்குக் கொண்டுவந்தால் அதே பழைய இயந்திரத்தில் 24,000 ஆகும். தவிர, முன்வரிசையில் இயந்திரங்களைக் கூட்டக் கூட்ட, பின்னால் திணறிக்கொண்டிருக்கும் சர்வரின் மீது இன்னும் அதிகக் கேள்விகள் விழும். அதன் தாமதம் கூடும். செஷன் ஒரு சர்வரின் நினைவில் மட்டும் இருந்தால், அடுத்த சொடுக்கில் இன்னொரு சர்வருக்குப் போனவரை அது யாரென்றே அறியாது. உடன்பாட்டை மதித்து எழுதிய நிரலுக்குத்தான் கூடுதல் இயந்திரம் பயன்படும்.

இரண்டாவது மறுப்பு இளம் புரோகிராமர்களிடமிருந்து வருகிறது: சர்வ்லெட் பழைய காலத்துச் சரக்கு, இப்போது ஸ்பிரிங் பூட், டாக்கர், கியூபர்னெட்டீஸ் எல்லாம் வந்துவிட்டன, உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்கிறார்கள். புதிய கருவிகள் நல்லவைதான், வேலையைச் சுருக்குகின்றன. ஆனால் ஸ்பிரிங் பூட்டைத் திறந்து பார்த்தால் அதன் வயிற்றுக்குள் அதே டாம்கேட், இயல்பாக அதே 200 திரெட்டுகள். அதனோடு வரும் ஹிகாரி என்ற இணைப்புத் தொகுப்பு இயல்பாகத் தரவுத்தளத்துக்கு 10 இணைப்புகளையே வைத்திருக்கும். பதினொன்றாமவர் இணைப்புக்காக 30 வினாடி வரை காத்திருப்பார். 200 பேரை உள்ளே விட்டு 10 பேரை மட்டும் தரவுத்தளத்துக்கு அனுப்பும் இந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்பதே, உள்ளே பார்க்காதவருக்குத் தெரியாது. நிரல்களை இயந்திரங்களில் ஏற்றி நிர்வகிக்கும் கியூபர்னெட்டீஸும் ஒரு நிரலை நிறுத்தும் முன் ‘முடித்துக்கொள்’ என்று சொல்லி, இயல்பாக 30 வினாடி பொறுத்து, பிறகு வலுக்கட்டாயமாக நிறுத்துகிறது. 1997-இல் எழுதிய ‘திறந்ததையெல்லாம் மூடு’ என்ற அதே விதி இது. பெயர்கள் மாறினாலும், விருந்தாளி நிரல் எதைக் கேட்கலாம், எதை ஊகிக்கக் கூடாது என்ற கேள்வி மாறவில்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது. கிராமத்தில் இணைய இணைப்பு அறுந்துபோகிறது, மின்சாரம் போகிறது, மனிதர்கள் தவறு செய்கிறார்கள், நிரலைச் சீராக்கி என்ன பயன் என்பது. 2020-இல் அம்பலமான பிரதமரின் கிசான் திட்ட முறைகேட்டை இதற்கு எடுத்துக்காட்டலாம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தரும் அந்தத் திட்டத்தில், தமிழகத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு சுமார் 110 கோடி ரூபாய் போனதாக அரசே சொன்னது. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அலுவலர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாள் கைக்குப் போனதுதான் வழி. வந்திருப்பவர் யார் என்று நிரல் கேட்டபோது கிடைத்த பெயர் சரியான பெயர்தான்; அந்தப் பெயரைப் பயன்படுத்திய கைதான் தவறான கை. எந்த விதிமுறையும் இதைத் தானாகத் தடுக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே பெயரில் ஒரே நாளில் வழக்கத்துக்கு மீறிப் பதிவுகள் குவிவதைக் கண்டு நிறுத்திவைக்கவும் எச்சரிக்கவும் ஒழுங்காக எழுதிய நிரலால் முடியும். இணைப்பு அறும் ஊரில்தான் அரைகுறைப் படிவத்தைச் சேமிக்கும் நிரல் அதிகம் தேவை. கம்பியும் மின்சாரமும் சீராக ஆண்டுகள் ஆகலாம். நிரலில் ஒரு காத்திருப்பு வரம்பைப் போட ஒரு பிற்பகல் போதும்.

இந்த அறிவு நம் ஊரிலேயே விளைய வேண்டும். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கிறது. 2013 முதல் அது அரசின் பொறுப்பில் இருக்கிறது. கடலூரில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சர்வ்லெட்டின் வாழ்க்கைச் சுழற்சியை விளக்குக என்ற கேள்வி தமிழகத்துக் கணினி மாணவர்களுக்குப் பழக்கமானது. படம் வரைந்து, ‘தயாராகு’, ‘கவனி’, ‘மூடு’ என்ற மூன்று கட்டளைகளின் பெயர்களைக் குறித்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அதோடு நிறுத்தாமல், ஆய்வகத்தில் அந்த உடன்பாட்டை முறித்துப் பார்க்கவும் வைக்க வேண்டும். பொதுவான இடத்தில் ஒரு எண்ணை எழுதவிட்டு, ஜேமீட்டர் என்ற இலவசக் கருவியால் நூறு கோரிக்கைகளை ஒன்றாக அனுப்பி, ஒருவர் எண் இன்னொருவர் பக்கத்தில் வருவதை மாணவர் தம் கண்ணால் பார்க்கட்டும். பதில் தராத சர்வர் ஒன்றை வைத்து 200 திரெட்டுகளும் தீர்ந்துபோவதைப் பார்க்கட்டும். அதற்கு இரண்டு மணி நேரமும் ஒரு சாதாரணக் கணினியும் போதும். அதைப் பார்த்த மாணவர் பின்னாளில் எந்த மொழியில் எழுதினாலும் அந்தப் பிழையைச் செய்யத் தயங்குவார்.

அரசின் பங்கு ஒப்பந்தப்புள்ளியில் தொடங்குகிறது. அரசுத் தளங்களை ஏற்றும் முன் பாதுகாப்புத் தணிக்கைச் சான்று கேட்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 2010-இலேயே மின் ஆளுமைக்குத் திறந்த தரநிலைகள் வேண்டும் என்று மத்திய அரசு கொள்கை வகுத்தது. 2015-இல் திறமூல மென்பொருளுக்கும் கொள்கை வந்தது. அதே கண்டிப்பு கூட்டத்தைத் தாங்கும் திறனுக்கும் வேண்டும். தளத்தை வாங்கும் துறை மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடுவீர்கள், அதைச் சோதித்துக் காட்டிய அறிக்கை எங்கே? பிற சர்வர் பதில் தராவிட்டால் எத்தனை வினாடி காத்திருப்பீர்கள், பிறகு வந்தவருக்கு என்ன சொல்வீர்கள்? நடுவில் இணைப்பு அறுந்தால் அவர் நிரப்பிய படிவம் எங்கே இருக்கும்? கெடு நாளில் தளமே முடங்கினால், முடங்கிய நேரத்தைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, யாரும் மனுக்கொடுக்காமலே அந்த அளவு கெடுவை நீட்டிக்கும் விதியும் வேண்டும். விவசாயி கெடுவுக்குக் கட்டுப்பட்டவர் என்றால், தளத்தை நடத்துபவரும் கட்டுப்பட்டவரே. இந்த மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தராத நிறுவனத்துக்கு, அது எவ்வளவு குறைந்த விலை கேட்டிருந்தாலும், மக்கள் பணத்தில் வேலை தரக் கூடாது.